தோட்ட நிர்வாகத்துக்குப் பொருள் விற்கப் போகிறீர்களா? முதலில் வாங்குபவர் மனதில் அதற்கு ஓர் இடம் பிடியுங்கள்

சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தையில் (இப்போதைய பெயர் பெஸ்தாரி ஜெயா) எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை. செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, குலையிலிருந்து உதிர்ந்து விழும் உதிரிப்பழத்தைச் சலிக்கும் கைச்சல்லடை செய்கிறோம். மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் 1917இல் நடப்பட்ட தென்னமரம் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. சுற்றிலும் செம்பனை இருந்தும், தோட்டத்துக்குள் ஒரு பொருளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது லேசான காரியமில்லை. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்குபவர் தன் காசைக் கொடுக்கிறார், பிடித்திருந்தால் போதும். நிர்வாகத்தில் வாங்குபவரோ 'இது ஏன் தேவை' என்று மேலிடத்துக்கு எழுத வேண்டும். அந்தக் காரணத்தை அவர் கையில் நாமே கொடுத்துவிட வேண்டும்.

படி 1: நீங்கள் இல்லாவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்?

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். மற்றவற்றை அவசரமாகப் படித்தாலும் இங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

போட்டி என்றதும் அதே பொருளை விற்கும் இன்னொருவரைத்தான் நினைப்போம். எங்கள் சல்லடைக்குப் போட்டி இன்னொரு சல்லடை இல்லை. ஒரு வாரியும் காலி உரச் சாக்கும்தான். காலையில் ஒரு மரத்தடிக்குப் போய்ப் பாருங்கள். பழம் பொறுக்குபவர் வாரியால் ஓர் இழுப்பு இழுப்பார். பழத்தோடு மண், சருகு, முள், பொடிக்கல் எல்லாம் சாக்குக்குள் போகும். ஆள் பற்றாத மாதங்களில் அதுவும் நடக்காது. பழம் கிடந்த இடத்திலேயே முளைத்து, மரத்தடியில் நாற்று நாற்றாக நிற்கும்.

ஆக, எங்களுக்கு இரண்டு போட்டி: செலவே இல்லாத சாக்கு, பொறுக்காமல் விட்டுவிடுவது. இவற்றுக்கு முன்னால் 'எங்கள் சல்லடை உறுதியானது' என்று சொன்னால் யாருக்கு என்ன? சல்லடையே இல்லாமல்தானே வேலை நடக்கிறது! சாக்கு கொடுக்காததை நாம் என்ன கொடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும்.

வாங்குபவரிடம் 'எங்கள் பொருள் எப்படி?' என்று கேட்காதீர்கள். 'இப்போது இந்த வேலையை எப்படிச் செய்கிறீர்கள்?' என்று கேளுங்கள். பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். போனில் தட்டச்சு செய்வதைவிட எனக்கு நோட்டுதான் பிடிக்கும். எதிரில் இருப்பவர் தயங்காமல் பேசுவார்.

படி 2: மேசையைச் சுற்றி யார் யார்?

நிறுவனங்களில் ஒரு பொருளை ஒரே ஆள் வாங்குவதில்லை. பயன்படுத்துபவர், கருத்துச் சொல்பவர், கொள்முதல் செய்பவர், முடிவெடுப்பவர், வாசலில் வடிகட்டுபவர் என்று 1972இல் வெப்ஸ்டர், விண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். நம் தோட்டத்தில் அது அப்படியே பொருந்தும். பொறுக்குபவர், மண்டோர் (வேலையை மேற்பார்க்கும் கங்காணி), தலைமையகக் கொள்முதல் பிரிவு, மேனேஜர், ஆபீஸ் கிராணி (எழுத்தர்). கிராணியை மதிக்காமல் உள்ளே போனால் உங்கள் செபுட் ஹர்கா (விலைப்புள்ளி) கோப்புக்குள் போய்ச் சேராது.

ஆலையின் இன்ஜினியரை விட்டுவிடாதீர்கள். பழத்தோடு வரும் மணலும் கல்லும் எண்ணெய் பிழியும் ஸ்குரூ பிரஸ்ஸைத் தேய்க்கும். அந்தத் தேய்மானச் செலவைத் தினமும் பார்ப்பவர் அவர்தான்.

படி 3: ஆளுக்கு ஒரு வரி

பொருள் ஒன்றுதான், ஆளுக்கு ஆள் காரணம் வேறு. மண்டோருக்கு: 'சாக்கில் மண் சுமக்க வேண்டாம்.' இன்ஜினியருக்கு: 'பிரஸ்ஸுக்கு மணல் குறையும்.' மேனேஜருக்கு: 'உதிரிப்பழத்தில் எண்ணெய் விகிதம் முழுக் குலையைவிட அதிகம், அது மரத்தடியிலேயே கிடக்கக் கூடாது.' இந்த வரிகள் ஒன்றுக்கொன்று முரண்படக் கூடாது. நாளைக்கு அவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவார்கள்.

அவர்களிடம் கொடுக்கும் தாளில், பொருள் எங்கே உதவாது என்பதையும் எழுதுங்கள். மழைக்காலக் களிமண்ணில் எங்கள் சல்லடைக் கண் அடைத்துக்கொள்ளும், அதைத் தாளிலேயே போட்டிருக்கிறோம். அதைப் படித்தவர்கள் மற்ற வரிகளையும் நம்புகிறார்கள்.

படி 4: அவர்கள் தராசில் நிறுத்துக் காட்டுங்கள்

ஒரே ஒரு பீல்டில் சோதனை கேளுங்கள். சலித்த சாக்கையும் சலிக்காத சாக்கையும் அவர்கள் தராசிலேயே நிறுங்கள். உதறி விழுந்த மண்ணைத் தனியாகக் குவித்துப் படம் எடுங்கள். முப்பது பக்க ஸ்லைடு வேண்டாம். அந்தப் படத்தோடு ஒரு பக்கத் தாள், மலாய் மொழியில், பெரிய எழுத்தில் போதும். விலை கடைசி வரியில் வரட்டும்.

பின்சேர்ப்பு: சிறுதோட்டக்காரர்களுக்கும் இதே தாளைக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். அவர்களுக்குக் கொள்முதல் பிரிவும் இல்லை, சொந்த ஆலையும் இல்லை. பழத்தில் மண் இருந்தால் வாங்கும் முகவர் எடையில் கழித்துவிடுவார், அவர்களுக்கு வலிப்பது அங்கேதான். 'எடைக் கழிவு குறையும்' என்று தனித்தாள் போட்டு, முகவரின் தராசுக்குப் பக்கத்திலேயே ஒட்டச் சொல்லுங்கள்.

மசாலாத் தூள் அரைக்கும் அக்கா ஒருவர் உணவகங்களுக்கு எப்படி என்று கேட்டார். அதே முதல் படிதான், அக்கா. மற்ற பிராண்டுகளை விடுங்கள். அந்தச் சமையல்காரர் விடியற்காலையில் தானே வறுத்து அரைக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால் நீங்கள் போட்டி போடுவது அவர் கைப்பக்குவத்தோடு. 'எங்கள் தூள் அதைவிட ருசி' என்று பேச்சை எடுக்காதீர்கள். அவர் லீவு போடும் நாளில் அந்தக் குழம்பு என்ன ஆகிறது என்று முதலாளியிடம் கேளுங்கள்.