தேர்தல் விளம்பரம்: படிக்காமல் விடுவதும் தவறு, அப்படியே நம்புவதும் தவறு

"எல்லாம் காசு கொடுத்துப் போடுறதுதானே" என்று தேர்தல் விளம்பரங்களை மொத்தமாக ஒதுக்குகிறவர்கள் நம்மில் அதிகம். நானும் பல தேர்தல்களில் அப்படித்தான் பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன். அப்படிப் புரட்டும்போது, வாக்காளருக்கு மிகவும் பயன்படும் ஒரு விளம்பரமும் கைநழுவிப் போகிறது. அது வேட்பாளர் விரும்பிப் போடுவதல்ல, சட்டத்துக்காகப் போடுவது.

குற்ற வழக்கு உள்ள வேட்பாளர் அந்த விவரத்தைச் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் 3 முறை வெளியிட வேண்டும். 2018இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் வந்த ஏற்பாடு இது. 2020 பிப்ரவரியில் கட்சிகளுக்கும் பொறுப்பு வந்தது: வழக்கு இல்லாத ஒருவரை ஏன் நிறுத்த முடியவில்லை என்று கட்சியே காரணம் சொல்ல வேண்டும், "ஜெயிப்பார்" என்பது மட்டும் காரணமாகாது. தலைவர் சிரிக்கும் முழுப்பக்கத்தைத் தாண்டி, கட்டம் கட்டிப் பொடி எழுத்தில் வரும் அந்த வழக்கு விளம்பரத்தைத் தேடிப் படியுங்கள். எந்தச் சட்டப்பிரிவு, எந்த நீதிமன்றம், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். வழக்கின் எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். சாலை மறியலுக்காகப் போட்ட பத்து வழக்கும் ஒரு கொலை முயற்சி வழக்கும் ஒரே எடையல்ல. விளம்பரம் கண்ணில் படாவிட்டால், வேட்பாளர் வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கும்.

தெருவெல்லாம் ஒரே முகம் தெரிந்தால் ஊரே அவர் பக்கம் என்று நினைத்துவிடுகிறோம். 2022இல் உயர்த்தப்பட்ட கணக்குப்படி, தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய். கட்சியின் செலவுக்கோ வரம்பே கிடையாது. அதனால் விளம்பரம் எவ்வளவு என்பது பணத்தைக் காட்டலாம், ஆதரவைக் காட்டாது.

"மாதம் இவ்வளவு ரூபாய்" என்ற வாக்குறுதி வரியோடு படிப்பதை நிறுத்திக்கொள்வது இன்னொரு தவறு. தமிழ்நாட்டின் இலவசத் தொலைக்காட்சித் திட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 2013இல் தீர்ப்பு வந்தது. அதன் பிறகு தேர்தல் ஆணையம் வகுத்த நெறிமுறைப்படி, வாக்குறுதிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதைத் தேர்தல் அறிக்கை பொதுவாகவாவது காட்ட வேண்டும். விளம்பரத்தில் அது இருக்காது. அறிக்கையை எடுத்துப் பாருங்கள்; அங்கும் இல்லையென்றால், ஓட்டுக் கேட்டு வருகிறவரிடமே கேளுங்கள்.

துண்டறிக்கை, சுவரொட்டியின் அடியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். பெயரில்லாத வசைத்தாளை நம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் தொலைக்காட்சியில் பிரசாரம் கூடாது. செய்தித்தாளுக்கு அந்தத் தடை இல்லை. கடைசி இரண்டு நாள் விளம்பரங்களுக்கு முன்அனுமதி மட்டும் வேண்டும். அதனால் ஓட்டுப் போடும் நாள் காலையிலும் விளம்பரம் வரலாம். அதில் புதிதாக ஒரு குற்றச்சாட்டு இருந்தால், எதிர்த்தரப்பு பதில் சொல்ல நேரமே இருந்திருக்காது. அதை வைத்து முடிவை மாற்ற வேண்டாம்.