ரெய்னர்ஸ் லேனில் அரை வீடு: இங்கிலாந்துப் புறநகரில் குடியேறுவோருக்கான வழிகாட்டி

லண்டனின் வடமேற்கே ஹாரோ, பின்னர் (Pinner), ரெய்னர்ஸ் லேன் பகுதிகளில் வீடு பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் ரயில் நிலையம் எவ்வளவு தூரம், பள்ளி எப்படி, தமிழ்க் கடை அருகில் உண்டா என்பதையெல்லாம் விசாரித்து விடுகிறார்கள். அந்தத் தெருவில் எப்படி வாழ்வது என்பதை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. இங்கே வீடு உங்களுடையது. ஆனால் சுவர், வேலி, தெருவோரம், அமைதி ஆகிய நான்கும் பக்கத்து வீட்டாரோடு பங்கு. இந்த நான்கில் எதைத் தொடுவதாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பின்வருவன அனைத்தும் இதற்கான விளக்கமே.

இந்த ஊர்கள் ரயிலால் உண்டானவை. மெட்ரோபாலிட்டன் ரயில் 1880இல் ஹாரோவுக்கும் 1885இல் பின்னருக்கும் வந்தது. (பின்னர் என்ற ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதினால் வாக்கியமே குழம்பிவிடுகிறது; பொறுத்தருள்க.) 1906இல் ரெய்னர்ஸ் லேனில் வயல்களுக்கு நடுவே ஒரு சிறு நிறுத்தம் மட்டுமே இருந்தது. ரயில் நிறுவனம் 1915 முதல் 1932 வரை ஆண்டுதோறும் ‘மெட்ரோலேண்ட்’ என்ற கையேட்டை வெளியிட்டு, புகை மண்டிய நகரை விட்டுத் தோட்டத்தோடு கூடிய வீட்டுக்கு வாருங்கள் என்று லண்டன்வாசிகளை அழைத்தது. அப்போதும் அதையடுத்த ஆண்டுகளிலும் எழுந்தவைதாம் இன்று நாம் வாங்கும் ‘செமி’ வீடுகளில் பெரும்பாலானவை. ஒரே கட்டடத்தை நடுச்சுவரால் இரண்டாகப் பிரித்து இரு குடும்பங்களுக்கு விற்றதே செமி. நீங்கள் வாங்குவது பாதிக் கட்டடம் என்பதை முதல் நாளிலிருந்தே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் மாவு அரைக்கப்போய்க் கற்றுக்கொண்டேன். முப்பதுகளில் கட்டப்பட்ட செமிகளில் பொதுவாக மாடிப்படியும் சமையலறையும் வெளிப்பக்கச் சுவரை ஒட்டியும், முன்னறையும் பின்னறையும் நடுச்சுவரை ஒட்டியும் அமைந்திருக்கும். இரு வீட்டுக் கணப்படுப்புகளும் அந்தச் சுவரில் முதுகோடு முதுகாக இருக்கும். எங்கள் சமையலறை சிறியது என்பதால் கிரைண்டரைப் பின்னறையில், பழைய கணப்படுப்பின் பக்கத்து மாடத்தில் வைத்து, வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு மேல் ஓட விடுவது வழக்கம். மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டு அம்மையார் வேலியருகே நின்று, வானிலையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிட்டு, “உங்கள் சலவை இயந்திரத்தில் ஏதும் கோளாறா? நல்ல மெக்கானிக் ஒருவரை எனக்குத் தெரியும்” என்றார். நானும் நன்றி சொல்லி, இயந்திரம் நன்றாக ஓடுகிறது என்று விளக்கிவிட்டு உள்ளே வந்தேன். அது புகார் என்பது எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. கிரைண்டரைச் சமையலறைக்கு மாற்றி, அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டு, அரைப்பதைச் சனிக்கிழமை பகலுக்குத் தள்ளிவைத்து, அது என்ன சத்தம் என்று காட்டுவதற்காகவே ஒரு தட்டில் இட்லி கொண்டுபோய்க் கொடுத்தேன். சலவை இயந்திரம் பற்றிய விசாரிப்பு அதோடு நின்றது.

ஆகவே, இங்கே மனத்தாங்கல் கேள்வி வடிவிலோ உதவி வடிவிலோதான் வரும் என்று எதிர்பாருங்கள். “நேற்று விருந்தினர் வந்திருந்தார்களோ?” என்றால் சத்தம் அதிகம் என்று பொருள் கொள்ளலாம். “உங்கள் செடி நன்றாகத் தழைத்திருக்கிறதே” என்றால் ஒருமுறை வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள். வானிலைப் பேச்சைத் துண்டிக்காதீர்கள். சொல்ல வந்தது அதற்குப் பிறகுதான் வரும். அழைப்பில்லாமல் வீட்டுக்குள் போவது வழக்கமில்லை. வாசலில் நின்று பேசுவதை யாரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை. குடிவந்த முதல் வாரத்திலேயே இருபக்க வீடுகளின் கதவையும் தட்டிப் பெயரைச் சொல்லி, உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் வரும் பார்சலை வாங்கி வைப்பவர்களும், உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் வெடித்தால் உங்களை அழைப்பவர்களும் அவர்களே.

அடுத்தது வேலி. இடப்பக்க வேலி வீட்டுக்காரருடையது என்று தெருவில் எல்லோரும் உறுதியாகச் சொல்வார்கள்; அப்படி ஒரு பொது விதி கிடையாது. பத்திரத்தோடு வரும் வரைபடத்தில் எல்லைக்கோட்டின் ஒரு பக்கம் ஆங்கில ‘டி’ (T) எழுத்துப் போட்டிருந்தால், பெரும்பாலும் அந்தப் பக்கத்தவருக்கே பராமரிப்புப் பொறுப்பு. பின்தோட்டத்தில் 2 மீட்டர் உயரம் வரையும், தெருவை ஒட்டி 1 மீட்டர் வரையும் பொதுவாக அனுமதியின்றி வேலி போடலாம். பக்கத்து மரக்கிளை உங்கள் பக்கம் நீண்டால் எல்லை வரை நறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நறுக்கிய கிளை மரத்துக்காரருக்கே சொந்தம், அதற்காக அதை வேலிக்கு மேலால் வீசிவிடாதீர்கள். மரம் கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்டதா என்பதை முதலில் இணையத்தில் பார்த்துவிடுங்கள்; அத்தகைய மரத்தை அனுமதியின்றி வெட்டுவது குற்றம். பாதுகாக்கப்பட்ட வட்டாரங்களில் பிற மரங்களை வெட்டவும் ஆறு வாரத்துக்கு முன்பே கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும்.

நம்மவர் வீடு வாங்கிய மறு ஆண்டே பின்பக்கத்தை நீட்டிக் கட்ட நினைப்பார்கள். உறவு முறிவதும் இங்கேதான். செமி வீட்டில் தரைத்தளம் மட்டுமாக, மூலச் சுவரிலிருந்து 3 மீட்டர் வரை, உயரம் முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் திட்ட அனுமதியின்றிக் கட்டலாம். 6 மீட்டர் வரை போக வேண்டுமானால் கவுன்சிலிடம் முன்னொப்புதல் கேட்க வேண்டும். கவுன்சில் அயலாருக்கு எழுதி அவர்கள் கருத்தைக் கேட்கும். மூலச் சுவர் என்பது 1948 ஜூலை 1 அன்று இருந்த சுவர். முந்தைய உரிமையாளர் கட்டிய நீட்டிப்பு உங்கள் 3 மீட்டரில் கழியும். இவை எதற்கும் தொடர்பில்லாமல் 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வால் (பொதுச்சுவர்) சட்டம் தனியாக நிற்கிறது. நடுச்சுவரில் உத்தரம் செருகுவதானால் இரண்டு மாதம் முன்பும், அயல் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள் அதன் அடித்தளத்தை விட ஆழமாகத் தோண்டுவதானால் ஒரு மாதம் முன்பும் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். 14 நாளில் பதில் வராவிட்டால் மறுப்பு என்றே கொள்ளப்படும். பிறகு தீர்வு சொல்லச் சர்வேயர்கள் வருவார்கள், செலவு வழக்கமாகக் கட்டுபவர் தலையில் விழும். எனவே அறிவிப்பைத் தபாலில் போடும் முன் வரைபடத்தோடு நேரில் போய், எத்தனை வாரம் வேலை நடக்கும், சாரம் எங்கே நிற்கும், எந்த நேரத்தில் துளைப்பார்கள் என்று சொல்லுங்கள். தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை சத்தமான வேலை செய்யக் கூடாது. மேஸ்திரி என்ன சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இங்குள்ள மண் லண்டன் களிமண், வறண்ட கோடையில் சுருங்கி வீட்டை இறக்கிவிடும். மரவேர் ஈரத்தை உறிஞ்சி அதைக் கூட்டும் என்பதால், புதுச் சுவருக்குப் பக்கத்தில் பெரிய மரம் நடும் எண்ணம் வேண்டாம்.

உங்கள் வாசலுக்கு முன்னுள்ள தெரு உங்களுடையது அன்று. அங்கே வேறொருவர் காரை நிறுத்தினால் கோபிக்க இடமில்லை. உங்கள் நுழைவாயிலை மறித்தால் மட்டுமே புகார் செய்யலாம். முன்தோட்டத்தில் கார் நிறுத்த, நடைபாதைக் கல்லைத் தாழ்த்தித் தரும்படி கவுன்சிலிடம் விண்ணப்பிக்க வேண்டும். தாழ்த்தாத கல் மீது ஏற்றி இறக்கக் கூடாது. 2008 அக்டோபர் முதல், 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போட்டு மழைநீரைத் தெருவுக்கு விட்டாலும் திட்ட அனுமதி தேவை. சரளைக்கல் போட்டால் இந்தத் தொல்லை இல்லை, அதோடு அதன் மீது யாராவது நடந்தால் சத்தம் கேட்கும். ரயில் நிலையத்தை ஒட்டிய பல தெருக்களில் பார்க்கிங் கட்டுப்பாடு நாளில் ஒரு மணி நேரம் மட்டும் இருக்கும். நாள் முழுதும் காரை விட்டுச் செல்லும் பயணிகளைத் தடுக்க அது போதும், உங்கள் மாமாவின் காருக்கு அபராதம் விழவும் அது போதும். விருந்தினருக்கான பெர்மிட்டை முன்பே வாங்கி வையுங்கள்.

குப்பைத் தொட்டிகளின் நிறம் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். நாட்காட்டியை அச்சிட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டுங்கள். பையில் கட்டிய குப்பையை இரவில் வெளியே வைத்தால் நரி கிழித்து, நீங்கள் தின்ற மீனின் முள்ளைத் தெருவெல்லாம் பரப்பிவிடும். மூடியுள்ள தொட்டியை முந்தைய மாலை வைத்து, எடுத்த அன்றே உள்ளே இழுத்துவிடுங்கள். மூன்று நாள் நடைபாதையில் கிடக்கும் தொட்டியைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள், தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

இரவு 11 முதல் காலை 7 வரை அமைதி நேரம். பட்டாசு வெடிப்பதற்கும் அந்த 11 மணியே எல்லை என்றாலும், தீபாவளி இரவில் 1 மணி வரை சட்டம் அனுமதிக்கிறது. உள்ளூர்க்காரர்களின் நவம்பர் 5 வாணவேடிக்கைக் கொண்டாட்டத்துக்கோ நள்ளிரவு வரைதான். சட்டம் தந்த இந்தச் சலுகையை முழுதும் பயன்படுத்தாதிருப்பது நல்லது. நாய் வளர்ப்பவர்களிடம் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லி, 10 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

குளிர்காலத்தில் சோற்றுப்பானை ஆவியும் ரேடியேட்டரில் உலர்த்தும் துணியும் சேர்ந்து மூலைகளில் கரும்பூஞ்சை பிடிக்க வைக்கும். சமைக்கும்போது ஆவியை வெளியேற்றும் காற்றாடியைப் போட்டு, காலையில் பத்து நிமிடமாவது சன்னலைத் திறந்து வையுங்கள். கவுன்சில் வரி வீட்டின் 1991 ஏப்ரல் மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. வீட்டில் வயது வந்தவர் ஒருவர் மட்டுமே என்றால் 25% தள்ளுபடி உண்டு, அதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். இலங்கை, இந்தியக் குடிமக்கள் சட்டப்படி வசிப்பவர்களாயின் வாக்காளராகப் பதியலாம். இடைநிலைப் பள்ளி விண்ணப்பத்துக்கு அக்டோபர் 31, தொடக்கப் பள்ளிக்கு ஜனவரி 15 கடைசி நாள்.

கடைசியாக, பின்னர் ஊரின் ஹை ஸ்ட்ரீட்டுக்கு அருகில் வீடு எடுப்பவர்களுக்கு மட்டும்: அரசர் மூன்றாம் எட்வர்ட் 1336இல் அளித்த உரிமையின்படி அங்கே இன்றும் ஆண்டுக்கு ஒருமுறை சந்தை கூடுகிறது. மே மாத இறுதி வங்கி விடுமுறைக்கு (பொது விடுமுறைக்கு) அடுத்த புதன்கிழமை அது நடக்கும். தெருவை மூடி ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். அதனால் செவ்வாய்க்கிழமைக்குள் காரை வேறு தெருவுக்குக் கொண்டுபோய்விடுங்கள். எங்கே விடுவது என்பதைப் பக்கத்து வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.