பேல் ஏல் குடிக்கும்போது மூக்கை மறக்காதீர்கள்

இங்கிலாந்தில் ஒரு பப்புக்குப் போகிறீர்கள். இதுவரை லாகர் என்ற, சில்லென்று குடிக்கும் வழக்கமான பியர் மட்டுமே குடித்துப் பழக்கம், இன்று சிறு ஆலைகள் காய்ச்சும் கிராஃப்ட் பியர் பார்க்கலாம் என்று ஆசை. 4 முதல் 5 சதவீதம் ஆல்கஹால் உள்ள பேல் ஏல் என்ற வெளிர்நிற பியர் வகை அதற்கு நல்ல தொடக்கம். ஆனால் முதல்முறை குடிப்பவர்கள் பலர் "கசக்குது" என்று பாதியில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமாகவே இருக்கும். பெரும்பாலும் குறை பியரில் இல்லை, குடித்த விதத்தில்தான்.

பெரிய தவறு, ஐஸ் போலச் சில்லென்று கேட்பது. பேல் ஏலின் உயிர், பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் மணத்தில் இருக்கிறது. 1972-இல் அமெரிக்காவில் வெளியான கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா என்ற பியர் ஆலை 1980-இல் காய்ச்சத் தொடங்கிய பேல் ஏலுக்குப் பெயர் வாங்கித் தந்தது இதுதான். பம்ளிமாஸ் தோலை நகத்தால் கீறினால் வருமே, அந்த வாசனை. குளிர் அதிகமானால் மணம் மேலே எழாது. கசப்பு மட்டும் நாக்கில் நிற்கும். உறைந்த கிளாஸ் வேண்டாம். கைப்பம்பில் இழுத்து ஊற்றும் கேஸ்க் ஏல், அதாவது பீப்பாயிலேயே நொதித்துப் பக்குவமாகும் ஏல், 11 முதல் 13 டிகிரியில்தான் வரும். அது சூடாகிப்போன பியர் இல்லை, திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

நுரையை ஊதித் தள்ளுவதும் இதே கணக்குதான். மணத்தைப் பிடித்து வைத்திருப்பதே அந்த நுரை. முதலில் கிளாஸை மூக்கருகே கொண்டுபோய் ஒரு மூச்சு இழுங்கள், அப்புறம் குடியுங்கள். ஒரு வாயில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டாவது, மூன்றாவது வாயில்தான் கசப்புக்குப் பின்னால் மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பிஸ்கட் போன்ற மெல்லிய இனிப்பு தெரியும்.

கோடையில் பப்பின் தோட்டத்தில் உட்கார்ந்தால் கிளாஸை நிழலில் வையுங்கள். ஹாப்ஸின் கசப்புப் பொருளை வெயில் உடைத்துவிடும். நேர்வெயிலில் சில நிமிடங்களிலேயே ஒரு கந்தக வாடை வந்துவிடும். பியரைப் பழுப்பு நிற பாட்டிலில் அடைப்பதற்குக் காரணமே இந்த ஒளிதான்.

வரிசையும் முக்கியம். ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) வகையில் கடுமையானதைக் குடித்த பிறகு பேல் ஏலுக்கு வந்தால் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். மென்மையானதை முதலில் குடியுங்கள். காரசாரமாகச் சாப்பிட்ட கையோடு குடித்தால் எரிச்சலும் கசப்பும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். நமக்குக் காரம் பழக்கம்தான், ஆனாலும் சுவை பார்க்க அது நேரமில்லை. வறுத்த மீனும் சிப்ஸும் இதற்கு நன்றாகப் பொருந்தும்.

எடுத்த எடுப்பில் 568 மில்லி பைன்ட் வாங்க வேண்டியதில்லை. அரை பைன்ட் போதும். அதற்கும் தயக்கமாக இருந்தால் "கொஞ்சம் ருசி பார்க்கலாமா?" என்று கவுன்டரில் கேளுங்கள். கூட்டம் இல்லாத நேரமென்றால் பல பப்களில் சின்னக் கிளாஸில் ஒரு வாய் ஊற்றித் தருவார்கள்.