ஒரு நாட்டின் காலநிலை வாக்குறுதியை எடைபோடுவது எப்படி?

புவி வெப்பமாவதைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் 2015 டிசம்பர் 12 அன்று நிறைவேற்றிய பாரிஸ் ஒப்பந்தத்தில், சொன்ன சொல்லைக் காப்பாற்றாத நாட்டுக்கு அபராதமும் இல்லை, தண்டனையும் இல்லை. ஒவ்வொரு நாடும் தான் எவ்வளவு உமிழ்வை, அதாவது புவியைச் சூடாக்கும் வாயுக்களின் வெளியேற்றத்தை, குறைக்கும் என்பதைத் தானே தீர்மானித்து, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை முந்தையதைவிடக் கூடுதலான இலக்குடன் எழுதித் தர வேண்டும் என்பதே ஏற்பாடு. ஆகவே அந்த ஆவணங்களைப் பொதுமக்கள் வாசித்துக் கேள்வி கேட்டால் மட்டுமே அவற்றுக்கு வலு உண்டு. உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிட்டது. பாரிஸ் ஒப்பந்தம் குறிப்பிடும் 1.5 டிகிரி என்ற எல்லை பல ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு அளக்கப்படுவதால் அது இன்னும் உடைந்துவிடவில்லை. ஆனால் அதைக் காக்க, 2019ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2030க்குள் உலகின் உமிழ்வு 43 சதவீதம் குறைய வேண்டும் என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு கூறியிருக்கிறது. இவ்வளவு குறுகிய காலத்தில் வாக்குறுதிகளின் தரத்தைப் பிரித்தறியும் பழக்கம் நமக்கு மிகவும் தேவை.

ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் இணையதளத்தில் நாடுகள் அளித்த ஆவணங்கள் கிடைக்கின்றன. முன்னுரையைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் எண்கள் உள்ள பக்கத்துக்குச் சென்று, எந்த ஆண்டோடு ஒப்பிட்டு அந்தச் சதவீதத்தைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2030க்கான தன் 55 சதவீதக் குறைப்பை 1990ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுகிறது. ஜப்பானின் 46 சதவீதமோ 2013ஆம் நிதியாண்டிலிருந்து தொடங்குகிறது. 2011இல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு அணு உலைகள் நிறுத்தப்பட்டு, நிலக்கரியும் எரிவாயுவும் மிகுதியாக எரிக்கப்பட்டதால் உமிழ்வு உச்சத்தில் இருந்த ஆண்டு அது. உச்சியிலிருந்து அளந்தால் இறக்கம் பெரிதாகத் தெரியும். எனவே சதவீதத்தைச் சதவீதத்தோடு ஒப்பிடாமல், இரண்டையும் டன் கணக்குக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள்.

அடுத்து, குறையப்போவது உமிழ்வா, உமிழ்வுச் செறிவா என்று பாருங்கள். பெரும்பாலான வாசகர்கள் தடுமாறும் இடம் இதுதான். 2005ஆம் ஆண்டோடு ஒப்பிடுகையில் 2030க்குள் 45 சதவீதம் குறைப்போம் என்று 2022இல் இந்தியா உறுதியளித்தது மொத்த உமிழ்வை அல்ல. ஒவ்வொரு ரூபாய் உற்பத்திக்கும் வெளியாகும் உமிழ்வை. ஒரு நாட்டின் உற்பத்தி 100, உமிழ்வு 100 என்று வைத்துக்கொள்வோம். உற்பத்தி மும்மடங்காகி 300ஐத் தொடும்போது செறிவு 45 சதவீதம் குறைந்திருந்தால், உமிழ்வு 300இன் 55 சதவீதம், அதாவது 165. வாக்குறுதி முழுமையாக நிறைவேறியும் உமிழ்வு 65 சதவீதம் கூடியிருக்கும். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்: ஓர் இந்தியரின் சராசரி ஆண்டு கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு சுமார் 2 டன், ஓர் அமெரிக்கருடையது சுமார் 14 டன் என்னும்போது, வளர்வதற்கு இடம் கேட்பது நியாயமே. ஆனால் "45 சதவீதம் குறைகிறது" என்ற தலைப்பைப் படிப்பவர் எது குறைகிறது என்பதைத் தெரிந்துகொண்டே படிக்க வேண்டும்.

மின்சாரத்திலும் இதே கவனம் வேண்டும். நிறுவுதிறனில், அதாவது நிறுவப்பட்ட மின் நிலையங்கள் உச்சமாகத் தரக்கூடிய அளவில், பாதி புதைபடிவ எரிபொருள் சாராதது என்றால், ஓடும் மின்சாரத்தில் பாதி அப்படி என்று பொருளாகாது. முப்பந்தலில் ஆடி மாதம் சுழலும் காற்றாலைகளைப் பார்த்தவர்கள், தை மாதம் அதே சாலையில் அவை அசையாமல் நிற்பதையும் பார்த்திருப்பார்கள். இரண்டு மாதங்களிலும் அவற்றின் நிறுவுதிறன் ஒன்றே. இந்தியாவின் மின் உற்பத்தியில் இன்றும் மிகப் பெரிய பங்கு நிலக்கரியுடையது. ஆகவே எத்தனை மெகாவாட் நிறுவினார்கள் என்பதோடு, எத்தனை யூனிட் உற்பத்தியானது என்றும் தேடிப் பாருங்கள்.

நிபந்தனைகளைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். இலங்கை 2021இல் அளித்த ஆவணத்தில் உள்ள 14.5 சதவீதக் குறைப்பில், 4 சதவீதம் மட்டுமே சொந்தப் பொறுப்பில் செய்வது; மீதி 10.5 சதவீதம் வெளியிலிருந்து உதவி வந்தால் செய்வது. இத்தகைய நாட்டைக் குறைகூறும் முன், வர வேண்டிய பணம் வந்ததா என்று பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் 2020க்குள் திரட்டித் தருவதாக 2009இல் கோபன்ஹேகனில் செல்வந்த நாடுகள் சொன்னன. அந்தத் தொகை எட்டப்பட்டது 2022இல்தான், அதிலும் பெரும்பகுதி கடன். உமிழ்வுக்கு மிகக் குறைந்த காரணமான நாடுகளை, அதன் விளைவுகளைச் சமாளிக்கவும் கடன் வாங்க வைப்பது எனக்குப் பொறுக்க முடியாத அநீதியாகப் படுகிறது.

பன்னாட்டு விமானங்களும் கப்பல்களும் வெளியிடும் புகை எந்த நாட்டின் மொத்தக் கணக்கிலும் சேர்க்கப்படுவதில்லை என்பதையும், ஏற்றுமதியாகும் நிலக்கரியின் புகை அதை வாங்கி எரிக்கும் நாட்டின் பெயரிலேயே எழுதப்படுகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு, நிகர பூஜ்ஜியம்: வெளியிடும் அளவுக்கே உறிஞ்சிச் சமன்செய்யும் நிலை. சீனா 2060க்கு முன்பு என்கிறது, இந்தியா 2070 என்கிறது. அந்த ஆண்டைவிட, அதற்குச் செல்லும் வழியே முக்கியம். ஏனெனில் கார்பன் டை ஆக்சைடின் கணிசமான பகுதி பல நூற்றாண்டுகள் காற்றில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகிறது. ஆண்டுக்கு 100 டன் வெளியிடும் இரண்டு நாடுகள் 2050இல் பூஜ்ஜியத்தை எட்டுவதாகக் கொள்வோம். ஒன்று 2025இலிருந்து ஒரே சீராகக் குறைத்தால் அது மொத்தம் சேர்ப்பது 1,250 டன். மற்றொன்று 2045 வரை அப்படியே இருந்துவிட்டுக் கடைசி ஐந்து ஆண்டுகளில் குறைத்தால் 2,250 டன். இலக்கு ஆண்டு ஒன்றுதான். வானத்தில் சேர்ந்த சுமையோ ஏறத்தாழ இரண்டு மடங்கு. எனவே 2030க்கும் 2035க்கும் எண் இல்லாத நிகர பூஜ்ஜிய அறிவிப்பை வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த எண்ணுக்குச் சட்டத்தின் பின்பலம் உண்டா என்றும் பாருங்கள். பிரிட்டனில் 2008ஆம் ஆண்டின் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உமிழ்வு வரம்பு விதிக்க அரசைக் கட்டாயப்படுத்துகிறது. அமெரிக்காவோ ஆட்சி மாறும்போதெல்லாம் பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறுவதும் திரும்புவதுமாக இருக்கிறது. பசிபிக் தீவு மாணவர்கள் 2019இல் தொடங்கிய முயற்சியை அங்குள்ள தீவு நாடான வனுவாட்டு ஐ.நா.வுக்கு எடுத்துச் சென்றதன் பயனாக, 2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம், காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று கருத்துரைத்தது.

வாசித்து முடித்ததும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். பொதுவான வேண்டுகோளுக்குப் பொதுவான பதிலே வரும். ஆகவே நாடாளுமன்றத்தில் அவர் அப்படியே எழுப்பக்கூடிய ஒரே ஒரு கேள்வியை வைத்து, கூட்டத்தொடர் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே அது கையில் கிடைக்கும்படி அனுப்புங்கள். "2030இல் நாட்டின் மொத்த உமிழ்வு எத்தனை டன்னாக இருக்கும் என்று அரசு எதிர்பார்க்கிறது? அதற்காக எந்த அனல்மின் நிலையங்கள் எந்த ஆண்டில் மூடப்படும்?" என்று கேட்டால், அமைச்சகம் எண்ணும் பெயரும் ஆண்டும் உள்ள பதிலைத் தந்தாக வேண்டும், தராவிட்டால், தரவில்லை என்பதும் அவைப் பதிவில் இருக்கும்.