வரப்பில் கண்ட செடி புதிய இனமா? அறியும் முறை

திருவையாறு பக்கம் ஒரு வாய்க்கால் கரையில் கீழாநெல்லி போன்ற செடி ஒன்றைப் பறித்தேன். தாவர நூலில் உள்ள எந்த விளக்கத்தோடும் அது பொருந்தவில்லை. மூன்று நாள் அதைப் புதிய இனம் என்றே நம்பினேன். செடியில் புதுமை எதுவுமில்லை; நான் இதழ்களை எண்ணியதுதான் பிழை. அதே இடத்தில் நீங்களும் தடுக்கிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. பறித்தல்

பூ, காய், வேர் மூன்றும் உள்ள செடியாகப் பாருங்கள். படம் மட்டும் போதாது. பூவின் நிறம், மணம், கிள்ளினால் பால் வடிகிறதா என்பதையெல்லாம் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு அவை தெரியாது. கோடியக்கரை சரணாலயத்தில் வனத்துறையின் அனுமதி இல்லாமல் ஓர் இலையைக்கூடப் பறிக்காதீர்கள்.

2. அழுத்துதல்

பழைய செய்தித்தாள், இரண்டு பலகை, இறுக்கிக் கட்டக் கயிறு. சில இலைகளைத் திருப்பி வையுங்கள், அடிப்பக்கமும் தெரிய வேண்டும். தாளைத் தினமும் மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காலையும் மாலையும் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

3. பூவைப் பிரித்தல்

நான் தடுக்கியது இங்கேதான். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்குங்கள். பெரிய பூதக்கண்ணாடி இந்த வேலைக்கு உதவாது. லென்ஸைப் பூவருகே நீட்டிப் பிடிக்கக் கூடாது. கண்ணோடு ஒட்ட வைத்துக்கொண்டு, பூவை லென்ஸிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தொலைவுக்குக் கொண்டுவாருங்கள். வெயில் பூவின்மேல் விழட்டும்.

கீழாநெல்லியின் பூ கடுகளவுதான். சாதாரணக் கீழாநெல்லியான ஃபில்லாந்தஸ் அமாரஸில் பூவிதழ் ஐந்து. செங்கீழாநெல்லியான ஃபில்லாந்தஸ் யூரினாரியாவில் ஆறு. செங்கீழாநெல்லியின் காய் சொரசொரப்பாக, ஏறக்குறைய காம்பே இல்லாமல் தண்டோடு ஒட்டியிருக்கும். நான் ஒரே ஒரு காயின் அடியில் இருந்த இதழ்களை எண்ணிவிட்டு ஐந்து என்று எழுதினேன். ஆறாவது இதழ் காயின் அடியில் மடிந்து ஒளிந்திருந்தது. இதழைப் பார்த்தால் ஓர் இனம், காயைப் பார்த்தால் வேறோர் இனம். அதனால்தான் எதிலும் அடங்கவில்லை. ஐந்து ஆண் பூ, ஐந்து பெண் பூ என்று குறைந்தது பத்துப் பூவையாவது ஊசியால் விரித்து எண்ணுங்கள். சூலகத்தைப் புதிய பிளேடால் குறுக்கே வெட்டி அறைகளையும் எண்ணுங்கள்.

4. திறவுகோல்

எண்ணிய அடையாளங்களை வைத்துப் படிப்படியாக இனத்தைக் கண்டறிய உதவும் கேள்வி வரிசைதான் திறவுகோல்; அது தாவர நூல்களில் இருக்கும். கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல் (1915–1936) பலருக்கும் வேதம். டெல்டாவுக்கு நான் முதலில் எடுப்பது கே.எம். மேத்யூவின் தமிழ்நாடு கர்நாடிக் பகுதித் தாவர நூலைத்தான் (இது கர்நாடக மாநிலத்தைக் குறிப்பதல்ல). நம் சமவெளிச் செடிகளுக்கு அது மிக நெருக்கம்.

5. ஒப்பிடுதல்

நூலில் அடங்காவிட்டால் ஹெர்பேரியம் எனப்படும் உலர்செடிக் காப்பகங்களுக்குப் போய், திருச்சி ராபினாட் ஹெர்பேரியம், கோவையில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் ஆகியவற்றின் உலர் மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். நம் மண்ணின் செடிகளைப் பிறர் நெடுங்காலமாகவே பார்த்து எழுதி வந்திருக்கிறார்கள். செடிகளுக்கு இருசொல் அறிவியல் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-இலேயே தரங்கம்பாடிக்கு வந்துவிட்டார். தவசிமுருங்கையின் அறிவியல் பெயரான ஜஸ்டிசியா ட்ராங்குபாரியென்சிஸில் அந்த ஊரின் பெயர் இன்றும் இருக்கிறது.

எதனோடும் பொருந்தாவிட்டால்தான் புதிய இனம் என்ற பேச்சு. அப்போதும் ஒரு மாதிரியை வகைமாதிரியாக, அதாவது அந்தப் பெயருக்கு நிலையான சான்றாக, குறித்து, ஹெர்பேரியத்தில் வைத்து, லத்தீனிலோ ஆங்கிலத்திலோ விளக்கம் வெளியிட்டால்தான் பெயர் செல்லும்.

பின்சேர்க்கை: வேதாரண்யம் உப்பளத்து உமரி பத்து நாளாகியும் காயாமல் அழுகிவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். சதைப்பற்றுள்ள செடி பறித்த பின்னும் உயிரோடிருக்கும். பூவைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, தண்டைக் கொதிநீரில் சில விநாடிகள் முக்கி, ஈரம் ஒற்றிய பிறகு அழுத்துங்கள்.