பழைய டோர் குளோசரும் ஃப்ளோர் ஸ்பிரிங்கும்: பழுது பார்க்கும்போது செய்யும் தவறுகள்

கதவு படார் என்று அடிக்கிறது. உடனே ஏணி போட்டு ஏறி, டோர் குளோசரின் (திறந்த கதவைத் தானாக மூடும் கருவி) ஸ்பிரிங்கைத் தளர்த்திவிடுகிறார்கள். சத்தம் குறைகிறது, ஆனால் கதவு முழுசாகச் சாத்துவதில்லை. சரி என்று மறுபடி முறுக்குகிறார்கள். பல வருடம் உழைத்த குளோசர் பெரும்பாலும் இப்படித்தான் கெட ஆரம்பிக்கிறது.

ஸ்பிரிங்கின் வேலை கதவை மூடுவது மட்டும். வேகத்தை அடக்குவது உள்ளே இருக்கும் எண்ணெய். பிஸ்டன் நகரும்போது எண்ணெய் ஒரு சிறு துளை வழியாகப் பிதுங்கிப் போகும். அந்தத் துளையைக் கூட்டிக் குறைப்பது வால்வுத் திருகு. அதனால் கதவு அடித்தால் வால்வையும் எண்ணெயையும்தான் முதலில் பார்க்க வேண்டும். வால்வைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். பழைய மாடல்கள் பலவற்றில் திருகு வெளியே வராமல் தடுக்க எதுவும் இருக்காது; அதிகம் கழற்றினால் எண்ணெய் சட்டையில்தான் கொட்டும். மார்கழிக் குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டுக் கதவு மெதுவாகும், சித்திரையில் இளகி வேகமாகும். அது பழுது அல்ல, வால்வைக் கொஞ்சம் திருப்பினால் போதும்.

குளோசரில் கை வைக்கும் முன் கதவைச் சோதியுங்கள். ஆர்மை (குளோசரிலிருந்து நீளும் கையை) கழற்றிவிட்டுக் கதவைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கீல் தேய்ந்து தொங்கியிருக்கலாம், மழைக்கு மரம் உப்பி நிலையில் உரசலாம். அதற்கெல்லாம் ஸ்பிரிங்கை முறுக்கிப் பிரயோஜனமில்லை. ஆர்மைக் கழற்றும்போது இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே ஸ்பிரிங் இறுக்கத்தில் இருப்பதால், விட்ட வேகத்தில் விரலை நசுக்கிவிடும்.

அடுத்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கிற ஆசை. குடம் மாதிரி வயிறு பருத்த அந்தக் கால குளோசர்களில் மேல் மூடிக்குள் சுருள் ஸ்பிரிங் முறுக்கேறிய நிலையில் இருக்கும். முறுக்கைப் படிப்படியாக இறக்காமல் மூடியைக் கழற்றுவது ஆபத்து. நீளவாக்கில் இருக்கும் மாடல்களில் முனை மூடிக்குப் பின்னால் ஸ்பிரிங் அழுத்தத்தில் நிற்கும். பிரஸ் (ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி) இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

எண்ணெய் விஷயத்தில் கையில் கிடைத்ததை ஊற்றுவதுதான் வழக்கம். தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும், விளக்கெண்ணெய் நாளடைவில் பிசினாகும், பிரேக் ஆயில் மினரல் எண்ணெய்க்கென்று செய்த ரப்பர் சீலை ஊதவைத்துக் கெடுக்கும். பழையது சேர்ப்பவர்கள் பலர் ஹைட்ராலிக் ஜாக் ஆயிலைப் பயன்படுத்துகிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. விளிம்பு வரை நிரப்பாதீர்கள், சூட்டில் எண்ணெய் விரியக் கொஞ்சம் இடம் வேண்டும். ஸ்பிண்டில் (ஆர்ம் மாட்டும் சுழல் தண்டு) ஓரம் கசிந்தால் சிலிக்கான் பூசி அடைப்பது வீண் வேலை. பழைய மாடலில் அங்கே தோல் வாஷரோ கயிறு போன்ற பேக்கிங்கோ இருக்கலாம். மேல் நட்டை லேசாக இறுக்கினாலே சில சமயம் கசிவு நின்றுவிடும்.

தொலைந்த திருகுக்குப் பதிலாகக் கடையில் எம்6 (6 மி.மீ. மெட்ரிக் திருகு) வாங்கி அமுக்கித் திருகுவதும் பெரிய பாவம். பிரிட்டனில் செய்த பழைய பொருட்களில் மரை பெரும்பாலும் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு. கால் அங்குல விட்வொர்த்தில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.27 மி.மீ., கோணம் 55 டிகிரி. எம்6-இல் 1 மி.மீ., 60 டிகிரி. திருகு இரண்டு சுற்று போகும், அப்புறம் வார்ப்பிரும்பின் மரையே போய்விடும். லேத் பட்டறையில் ஒரு திருகு கடைந்து வாங்குவது அதைவிட மலிவு.

தரைக்குள் ஒரு பெட்டியில் பதித்துக் கதவை மூட வைக்கும் ஃப்ளோர் ஸ்பிரிங்கின் கதை வேறு. மேலே மாட்டும் குளோசரில் கதவின் பாரம் கீலில் இருக்கும். இங்கே அநேகமாக முழுப் பாரமும் தரைக்குள் இருக்கும் ஸ்பிண்டில் மேல்தான். கதவைக் கடப்பாரையால் நெம்பினால் ஸ்பிண்டில் வளைந்துவிடும். கதவின் மேல்முனையைப் பிடித்துச் சுழலவிடும் மேல் பிவட்டின் ஊசியை உள்ளே இழுக்க அநேகமாக ஒரு திருகு இருக்கும். இரண்டு பேர் கதவைத் தாங்க, அதைத் திருப்பி ஊசியை உள்ளே இழுத்துவிட்டு, மெல்லச் சாய்த்துத் தூக்க வேண்டும். கதவு கோணலாக நின்றால் ஆசாரியைக் கூப்பிட்டுச் சீவாதீர்கள். பித்தளை மூடியைக் கழற்றினால் பெட்டிக்குள் நகர்த்தும் திருகுகள் தெரியும், அவற்றைச் சரிசெய்தாலே பெரும்பாலும் நேராகும். இந்தப் பெட்டியின் எமன் தண்ணீர். தினமும் தரை கழுவும் தண்ணீர் உள்ளே தேங்கித் துருவேற்றுகிறது. கூடவே ஆசிட்டும் ஊற்றினால் சொல்லவே வேண்டாம். அதைத் தடுக்கிறேன் என்று சுற்றிலும் சிமென்ட் கொட்டும் கொத்தனார்களும் உண்டு. பிறகு உடைக்காமல் வெளியே எடுக்க முடியாது. டைல்ஸ் போடும்போது மூடியைப் புதைப்பதும் அதே ரகம்.

பாலிஷ் போடுகிறவர்களுக்கு ஒன்று: மூடியிலும் உடலிலும் உள்ள எழுத்துகளை பஃபிங் சக்கரத்தில் தேய்த்து அழித்துவிடாதீர்கள். உதாரணத்துக்கு, குளோசர் செய்யும் கம்பெனியான டோர்மாவின் பெயர் 1908-இல் ஜெர்மனியில் தொடங்கிய டோர்க்கன், மாங்கெல் இருவரின் பெயர்களிலிருந்து வந்தது. இத்தகைய பெயரும் மாடல் எண்ணும்தான் உதிரிபாகம் தேட ஒரே துப்பு.

தீத்தடுப்புக் கதவில் பழசை வைத்துக் காப்பாற்ற வேண்டாம், அங்கே சான்று பெற்ற புதியதைப் போடுங்கள். கழற்றிய பழையதை எண்ணெயைக் கொட்டிவிட்டுப் பரணில் போட்டால் உள்ளே இருக்கும் தோல் காய்ந்து சுருங்கும். எண்ணெயோடு, நிமிர்த்தி வைத்து, ஆர்மையும் திருகுகளையும் ஒரு பையில் போட்டு அதனுடனே கட்டிவிடுங்கள்.