சுருங்க மறுத்த ஜெல்

சுங்கை சிப்புட்டில் நான் வேலை பார்க்கும் சின்ன ஆய்வகத்தில் ஏர்கோன் கிடையாது. மத்தியானம் அறைச்சூடு 32 டிகிரியைத் தாண்டும். நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் வலையாகப் பின்னிய பாலி என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு ஜெல்லுக்கும் கிட்டத்தட்ட அதுதான் எல்லை. அதற்குக் கீழே நீரைக் குடித்து உப்பும், மேலே போனால் கக்கிவிட்டுச் சுருங்கும்.

எனக்கு வாய்த்ததோ வெந்நீரில் போட்டாலும் பெயருக்குத்தான் சுருங்கியது. குறுக்கிணைப்பு அதிகம். சங்கிலிகளை முடிச்சுப் போட்டுப் பிடிப்பது பிஸ் அக்ரிலமைடு. முடிச்சுகள் நெருங்கினால் வலை விரிய இடமில்லை. விரியாதது எங்கே சுருங்கப்போகிறது?

பிஸ்ஸைப் பாதியாக்கினேன். நன்றாக உப்பியது, ஆனால் இடுக்கி பட்டதும் பிய்ந்தது. அப்புறம் சற்றே கூட்டி நடுவில் நிறுத்தினேன். எல்லை வெப்பநிலை இதற்கெல்லாம் பெரிதாக நகராது, ஜெல் உப்புகிற அளவுதான் மாறும்.

வெள்ளை வெளேரென்று உறைந்தது தனித் தொல்லை. ஜெல் உருவாகும் வினையே சூடு விடும், மத்தியான வெக்கை வேறு; உருவாகும்போதே எல்லையைத் தாண்டிவிட்டது. ஒட்டுக்கடையில் ஐஸ் வாங்கிக் குழாயை அதில் அமிழ்த்தினேன். வினையைத் தொடக்கும் பெர்சல்பேட்டோடு அதை முடுக்கும் டெமெட் சேர்த்தால் குளிரிலும் வினை ஓடும். ஜெல் தெளிவாக வந்தது.

சூடேற்றுவதும் மெதுவாகத்தான். அவசரப்பட்டால் மேல்தோல் முதலில் இறுகி, நீர் உள்ளே மாட்டிக் கொப்புளம் கொப்புளமாக எழும்பும்.